மதிலுக்கு வெளியே தங்கம்

ஊசியா? போடணும் அக்கா. போட்டுடுவேன். இதைக் கேட்கத்தான் கதவைத் தட்டினீங்களா? உள்ளே வாங்க. செருப்பை அங்கேயே விட்டுடுங்க, ஈவா தவழ்கிற தரை. இஸ்திரி போட்ட புடவையும் தோளில் பையுமாக வந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, என்னையும் குழந்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு போகிற உத்தேசம். இன்றைக்குப் புதன்கிழமை. அங்கன்வாடியில் புதன்கிழமைதான் ஊசி போடுவார்கள் என்று எனக்கும் தெரியும் குமுதா அக்கா. எதிர் வீட்டில் இருந்துகொண்டு வாராவாரம் நீங்கள்தான் ஞாபகப்படுத்துகிறீர்களே.

உட்காருங்க. அதில் வேண்டாம், துணி காய்கிறது. பால்கனியில் ஏன் காயப்போடவில்லை என்று கேட்காதீங்க. எதிரே நெடுஞ்சாலை, நாள் முழுக்க லாரி, தூசி. போதாததற்கு பி பிளாக்கில் ஒரு குழந்தைக்கு மணல்வாரி அம்மை என்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததிலிருந்து நான் ஜன்னலையே திறப்பதில்லை. அந்தக் குரூப்பைப் பார்த்தீங்களா? ஒருத்தி வேப்பிலை கட்டச் சொல்கிறாள். ஒருத்தி வரிசையாகக் கும்பிடுகிற கை போடுகிறாள். இன்னொருத்தி அதற்குக் கீழேயே நைட்டி சேல் படம். இவர்கள் சொன்னார்கள் என்று நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடணுமாம்.

ஒன்பது மாசம் முடிந்ததுமே போட்டிருக்க வேண்டியது. இப்போது பதினோராவது நடக்கிறது. தேதி தெரியாத ஆளா நான்? பாளையங்கோட்டையில் கான்வென்ட்டில் படித்தவள் அக்கா. மழைக்கு லீவு விட்ட நாளில்கூடப் போய் கேட்டில் நின்றிருக்கிறேன். ரூஃபஸுக்கு ஒரு பகல் லீவு கிடைக்கட்டும், காரில் போய் நல்ல டாக்டரிடம் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அவருக்குத்தான் கம்பெனியில் லீவு கேட்க வாய் வராது. சூப்பர்வைசர் முன்னால் போனால் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவர் மாதிரி நிற்பார்.

டீ போடட்டுமா? வேண்டாமா. நேரம் இருக்கு அக்கா, மத்தியானம் வரைக்கும் இருப்பார்கள்.

அதுவா? கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கேம். சிரிக்காதீங்க, மிட்டாய் உடைக்கிற கேம் இல்லை. இதற்குப் போட்டி நடக்கிறது. யூடியூப்பில் ஒருத்தர் கிரிக்கெட் மாதிரி வர்ணனை செய்வார், தமிழ்நாடு பூராவும் உட்கார்ந்து பார்ப்பார்கள். போன சனிக்கிழமை எனக்கு அரையிறுதி. அதில் நடந்த அநியாயத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ரூஃபஸிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விளையாட்டு இதுதான். உங்களுக்கு ஒரு ஊர், எனக்கு ஒரு ஊர். ஆளுக்குக் கொஞ்சம் குடியானவர்கள். அவர்களை வைத்து மரம் வெட்டணும், ஆடு பிடிக்கணும், கல் உடைக்கணும், தங்கம் தோண்டணும். அதில் படை கட்டி நான் உங்கள் ஊரை ஒழிக்கணும், இல்லையென்றால் நீங்கள் என் ஊரை ஒழிப்பீர்கள். செஸ் மாதிரி நீ ஒரு காய் நான் ஒரு காய் என்கிற பேச்சே கிடையாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடணும். நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் எதிராளி அதற்குள் ரெண்டு வீடு கட்டியிருப்பான். ஊர்கள் இருக்கிற நிலத்துக்கு மேப் என்று பேர். ஆரம்பத்தில் உங்கள் ஊரைச் சுற்றிக் கொஞ்சம்தான் கண்ணுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் கறுப்பு. ஒரு குதிரைக்காரனை அனுப்பினால் அவன் போகப்போக கறுப்பு விலகும்.

இதில் என் பேர் கோட்டைச்சாமி. பின்னே? ஷைனி என்று போட்டால் ஹாய் சிஸ்டர், சாப்டாச்சா சிஸ்டர் என்று வருவான்கள். கோட்டைச்சாமி என்றால் எல்லாருக்கும் அண்ணன். "அண்ணே, உங்க மதில நெனச்சாலே வயித்தக் கலக்குதுண்ணே" என்று எழுதுவான்கள். மதில் கட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, வர்ணனைக்காரரே சொல்லியிருக்கிறார்.

பழகின மேப்பில் எல்லாரும் சூரர்கள்தான். காடு எங்கே, கல் எங்கே, எந்த மூலையில் ஆடு, எல்லாம் மனப்பாடம். எங்கள் வகுப்பில் கெமிஸ்ட்ரியை இப்படித்தான் படித்தார்கள். கேள்வியில் ஒரு வார்த்தையை மாற்றிக் கேட்டால் அழுதுகொண்டே வெளியே வருவார்கள். இந்தத் தடவை போட்டி நடத்துகிறவர்கள் ஒன்று செய்தார்கள். அரையிறுதியிலிருந்து யாரும் பார்க்காத புது மேப். ஆட்டம் தொடங்கின பிறகுதான் என்ன நிலம் என்றே தெரியும். அவ்வளவுதான், ஒரே ஒப்பாரி. "பழகாத மேப்ல எப்படிண்ணே ஆடுறது, கையே ஓடாதேண்ணே." மீசை வைத்த ஆட்கள் அக்கா. புது இடம் என்றால் கை கால் உதறுகிறதாம். இதெல்லாம் ஒரு பிழைப்பா?

நான் அப்படி இல்லை. தெரியாத மேப்பில் எப்படி ஆடுவது என்று நான் வீடியோவே போட்டிருக்கிறேன், குரலை மாற்றி. முதலில் குதிரை. ஒரு குடிசை கட்டுவதற்கு முன்னாலேயே குதிரையை அனுப்பு. எங்கே இடுக்கு, எங்கே வெட்டவெளி, எதிராளி எந்தப் பக்கமிருந்து வருவான், எல்லாவற்றையும் பார்த்து மனசில் போட்டுக்கொள். அப்புறம் மதிலைக் கட்டு. புது இடத்தைப் பார்த்து மிரளுகிறவனுக்கு இந்த விளையாட்டு எதற்கு?

நானா? நான் எதற்கு அக்கா போகணும்? குதிரைதான் போகும்.

இந்த ஒரகடத்துக்குக் குடிவந்தபோதும் நான் அதைத்தான் செய்தேன். வந்த வாரமே மொத்த ஏரியாவையும் படித்தாகிவிட்டது. போனில் தெருத்தெருவாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களே, அதில் விரலாலேயே நடந்து போய்விட்டு வந்தேன். கேட்டிலிருந்து இடது பக்கம் சர்வீஸ் ரோடு. அதில் லாரி எதிர்த்திசையில் வரும், படத்திலேயே ஒரு லாரி அப்படித்தான் நிற்கிறது. அடுத்து டீக்கடை. டீக்கடை வாசலில் காது கிழிந்த செவலை நாய். அது பைக்கில் போகிற ஒருத்தனையும் விடாது, பால்கனிக் கண்ணாடி வழியாக நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் பாலத்துக்கு அடியில் நுழையணும், தண்ணீர் நிற்கும். ஏறினால் மருந்துக்கடை. அதற்கு மாடியில் பச்சை போர்டு, குழந்தைகள் டாக்டர். ரூஃபஸ் லீவு போடுகிற அன்றைக்கு நாங்கள் போகப்போவது அங்கேதான். இத்தனை வருஷமாக இங்கேயே இருக்கிற உங்களுக்குக்கூட இவ்வளவு விவரமாகச் சொல்ல வராது.

நேரிலா? போயிருக்கிறேனே. ஒரு தடவை.

அப்போது இவள் கைக்குழந்தை. ரூஃபஸ் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறார், டயபர் தீர்ந்துவிட்டது. எழுப்பினால் பாவம் என்று நானே இவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பாலத்தடியில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். சரி என்று மேலே ரோட்டைக் கடந்தேன். பாதி கடந்து நடுவில் இருக்கிற மேட்டில் ஏறி நின்றேன். அதற்கு மேல் விடவில்லை. ஒன்றன் பின் ஒன்றாகக் கன்டெய்னர் லாரி. முன்னால் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. லாரி போகிற காற்றில் நாமே ஆடுகிறோம் அக்கா. இவள் தலையில் இருந்த தொப்பி பறந்து ஒரு சக்கரத்துக்கு அடியில் போய்… விடுங்க. கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, "ஏம்மா, பச்சப்புள்ளய வச்சுக்கினு நிக்கிற எடமா இது?" என்று அதட்டுகிறார். யாரை? என்னை. ரோடு போட்டவனைக் கேட்கணும். நடக்கிறவளுக்கு வழி வைக்காமல் ரோடு போடுகிறவன் என்ன இன்ஜினியர்?

பயமெல்லாம் இல்லை. அதற்கப்புறம் வெளியே போகவேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறான்கள். அந்தத் தொப்பி மஞ்சள். ஊரிலிருந்து அம்மா பின்னி அனுப்பியது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

எதிராளி யார் தெரியுமா? பண்ருட்டியில் ஒரு பல் டாக்டர். வைத்துக்கொண்ட பேர் பலாச்சுளை. எப்படி அரையிறுதி வரைக்கும் வந்தான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. வீடு கட்ட மறந்துவிடுவான், ஆட்டைப் பிடித்து வைத்துவிட்டு மறந்துவிடுவான். வர்ணனைக்காரர் சிரித்தே விடுவார். பகல் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குப் போர் என்ன தெரியும்? எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

மேப் திறந்தது. அதை வரைந்தவனை நான் நேரில் பார்த்தால் கேட்க நாலு கேள்வி வைத்திருக்கிறேன். என் ஊரைச் சுற்றி நல்ல காடு, காட்டில் மூன்றே மூன்று இடுக்கு. மதில் கட்டச் சொல்லி வைத்த மாதிரி இடம். நான் சொன்னபடியே குதிரையை அனுப்பினேன். மொத்த மேப்பையும் சுற்றிவந்தது அக்கா, ஒரு மூலை விடவில்லை. பலாச்சுளை தன் குதிரையை எங்கேயோ மரத்தடியில் நிறுத்திவிட்டு மறந்தேபோனான். அவனுக்குப் பாதி மேப் கறுப்பு. எனக்கு எல்லாம் வெளிச்சம். மூன்று இடுக்கையும் மர மதிலால் அடைத்தேன். "கோட்டைச்சாமி அண்ணன் மதிலப் பாருங்க, எறும்புகூட நுழையாது" என்று வர்ணனைக்காரர் சொல்கிறார். ரூஃபஸ் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டுகிறார். ஈவாவும் தட்டினாள்.

இப்போது கேளுங்க அநியாயத்தை. மதிலுக்கு உள்ளே தங்கம் ஒரே ஒரு குவியல். சின்னது. மிச்சத் தங்கம் எல்லாவற்றையும் கொண்டுபோய் எங்கே வைத்திருக்கிறான் அந்த வரைந்த மகானுபாவன்? என் மதிலை ஒட்டி, வெளியே. நட்ட நடு வெட்டவெளியில். நாலு பக்கமும் திறந்த வெளி.

பார்த்தேன் அக்கா. முதலில் பார்த்ததே நான்தான். பார்க்காமல் விடுகிற ஆளா? ஆனால் எப்படி ஆளை அனுப்புவது? காவலுக்கு ஒரு கோபுரம் வேண்டாமா? கோபுரத்துக்குக் கல் வேண்டும். கல்லும் வெளியேதான் இருக்கிறது. அங்கே ஓநாய் வேறு. படை கொஞ்சம் சேரட்டும், சேர்ந்ததும் பத்திரமாகப் போகலாம் என்று இருந்தேன். அறிவுள்ள யாரும் அதைத்தான் செய்வார்கள். படை சேரத் தங்கம் வேண்டுமே என்கிறீங்களா? அதைத்தான் நானும் சொல்கிறேன், மேப்பே தப்பு.

அந்தப் பல் டாக்டர் என்ன செய்தான்? நாலு குடியானவர்களை அப்படியே அனுப்பினான். மதில் இல்லை, கோபுரம் இல்லை, கூட ஒரு வீரன்கூட இல்லை. எதிரே என்ன இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது, கறுப்புக்குள் நடக்கவிடுகிறான். ஓநாய் ரெண்டு பேரைக் கடித்துப் போட்டது. வெட்கப்பட்டுத் திரும்பணுமா இல்லையா? மறுபடியும் நாலு பேரை அனுப்புகிறான். அதிலும் ஒருத்தன் செத்தான். மறுபடியும் அனுப்புகிறான். இதற்குப் பேர் ஆட்டமா அக்கா? ஆள்மேல் கொஞ்சமாவது அக்கறை இருக்கிறவன் செய்கிற வேலையா? கடைசியில் என் மதிலிலிருந்து கல்லெறிகிற தூரத்தில் உட்கார்ந்து தங்கத்தைத் தோண்டுகிறான். என் ஆட்கள் உள்ளே சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த குவியல் தீர்ந்துவிட்டது, அவர்களுக்கு வேலை இல்லை.

அந்தத் தங்கத்தில் அவன் படை கட்டினான். கொண்டுவந்து என் மதிலுக்கு முன்னால் நிறுத்தினான். உடைக்கக்கூட இல்லை. சும்மா நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். என்னிடம் மரம் மட்டும்தான் மலை மாதிரி கிடந்தது. மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, அடுப்பா எரிக்க? தோற்றேன் என்று நானே எழுதினேன். ஆனால் ஒன்று சொல்லணும் அக்கா, மதிலில் ஒரு கீறல் இல்லை. கடைசிவரைக்கும் ஒரு கீறல் இல்லை. அதை எந்த வர்ணனைக்காரனும் சொல்லவில்லை.

முடிந்ததும் அந்த ஆள் எனக்கு எழுதுகிறான். "அண்ணே, தங்கம் ஒங்க வாசல்லயே கெடந்துச்சே, ஏண்ணே வெளியவே வரல? பயந்துகிட்டே இருந்தேன், நீங்க வந்தா நான் காலி." கிண்டல் பாருங்க. திரும்பினால் ரூஃபஸ் வாயில் மிக்சரை மென்றுகொண்டு, "நானும் அதத்தான் நெனச்சேன் ஷைனி, ஒரு எட்டு வெளிய போயிருந்தா முடிஞ்சிருக்கும்லா" என்கிறார். கம்பெனிக்குப் போகிற ஒரே ரோட்டை விட்டால் வேறு ரோடு தெரியாத மனுஷன். டைவர்ஷன் போட்டால் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வருவார். அவர் எனக்கு வெளியே போகச் சொல்லித் தருகிறார். அன்றைக்கு நான் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இன்னும் சரியாகப் பேசவில்லை.

என்ன சொன்னீங்க? எந்த டாக்டர்? பச்சை போர்டு டாக்டரா? காலி பண்ணிவிட்டாரா?

இருக்காது அக்கா. போனில் இருக்கிறதே. இதோ பாருங்க, போர்டு தெரிகிறது. பழைய படமாக இருக்கலாம், அதற்காக? அங்கே இப்போது செல்போன் கடை என்று யார் சொன்னது? நீங்களே ரீசார்ஜ் பண்ணீங்களா. சரி. அப்படியென்றால் வேறு டாக்டர் பார்த்துக்கொள்கிறோம். அங்கன்வாடியில் போடுகிறதெல்லாம் எனக்குச் சரிவராது. அதுவும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே.

இல்லையா?

பின்னாலா? நம் காம்பவுண்டுக்குப் பின்னாலா? அங்கே ஒன்றும் கிடையாது அக்கா. காலி மனை, முள்ளு, அவ்வளவுதான். போனில் வெறும் சாம்பல் நிறமாக இருக்கிறது, தெருவே இல்லை. தினமும் அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போறீங்களா? எனக்குத் தெரிந்து வழி கிடையாது.

சண்டை எதற்கு, ஒன்று செய்யுங்க. நீங்க முதலில் போங்க. போய், அங்கன்வாடி இருக்கா, ஊசிக்காரம்மா வந்திருக்காங்களா, நாய் இருக்கா, எல்லாம் பார்த்துவிட்டு போன் பண்ணுங்க. நான் பால்கனியிலிருந்து பார்க்கிறேன். சரியாக இருந்தால் யோசிக்கலாம்.

"நான் என்னா உன் குதிரையா?" என்கிறீங்க. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? போயிட்டு வாங்க அக்கா. லிஃப்ட்டில் கிரில்லைச் சரியாகச் சாத்துங்க.

*

ஹலோ. தெரியுது, தெரியுது. கண்ணாடியைத் திறந்திருக்கிறேன், எவ்வளவு தூசி. கேட்டைத் தாண்டிட்டீங்களா. ஏன் வலது பக்கம் திரும்புறீங்க? இடது பக்கம்தான் சர்வீஸ் ரோடு. அக்கா, நான் மேலேயிருந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா? அது சுவர். சுவருக்குப் போய் என்ன பண்ணப் போறீங்க?

அக்கா?

எங்கே போனீங்க? இங்கேயிருந்து தெரியலை. மூலை வரைக்கும் தெரிந்தீங்க, இப்போ இல்லை. பேசுங்க. ஏதாவது பேசிக்கொண்டே இருங்க.

சுவர் உடைஞ்சிருக்கா? ஆள் நுழைகிற அளவுக்கா? மெயின்டனன்ஸ் வாங்குகிறான்களே மாசாமாசம், அதில் ஒரு சுவரை அடைக்கத் துப்பில்லை. நுழைஞ்சா உடனே வருதா? ரோடே கடக்க வேண்டாமா? ஒரு ரோடுகூட?

வரிசை இருக்கா. முடிக்கப்போறாங்களா. சரி, ஆனால் மருந்து எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்க. வெயிலில் வைத்தால் வீணாகிவிடும், ஐஸில் இருக்கணும். நீலப் பெட்டியா? உள்ளே ஐஸ் இருக்கா? எட்டிப் பாருங்க. தொட்டுப் பார்க்காதீங்க, கேளுங்க. என்ன கேட்டீங்க? அப்படிக் கேட்டால் யார்தான் இல்லை என்று சொல்வார்கள்? உங்களுக்குக் கேட்கத் தெரியலை அக்கா. புது ஊசியைப் பிரிக்கிறாங்களா, நம்ம கண்ணெதிரே பிரிக்கணும். அதையும் நீங்க பார்க்கலை. எதைத்தான் பார்த்தீங்க? உங்களை அனுப்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

ஊசிக்காரம்மாவைப் பெட்டியை மூடாமல் இருக்கச் சொல்லுங்க. நான் வந்து பார்க்கிறேன். ஊசி போட இல்லை, பார்க்க. பார்த்தால்தான் தெரியும்.

போனை வைக்காதீங்க. இவளுக்குச் சட்டை மாட்டுகிறேன். பூட்டுகிறேன். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன், இருக்கீங்களா? லிஃப்ட்டில் கட்டானால் நீங்களே கூப்பிடுங்க.

ஹலோ. கீழே வந்துட்டேன். வாட்ச்மேனைப் பாருங்க அக்கா, "யாரும்மா, எந்த வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்கிறான். மூன்றாவது மாடி, என் வீட்டுக்கு நான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்ளாதவனுக்கு யூனிஃபார்ம் ஒரு கேடு.

வலது பக்கம்தானே. சுவரோரமாக. வெயில் கண்ணைக் கூசுது. இவள் முகத்தைத் துண்டால் மூடியிருக்கிறேன். ஒரு லாரி சத்தம் கேட்குது, அது மெயின் ரோட்டில்தானே? நீங்க சொல்லுங்க, மெயின் ரோட்டில்தானே?

உடைஞ்ச இடம் வந்துட்டேன். எவ்வளவு அசிங்கமா உடைச்சிருக்கான்கள், கம்பியெல்லாம் நீட்டிக்கொண்டு. செக்ரட்டரிக்கு இன்றைக்கே எழுதுகிறேன். அந்தப் பக்கம் எங்கே நிற்கிறீங்க? முள்ளு மறைக்குது. கையைத் தூக்குங்க.

தெரியுது. மஞ்சள் கட்டடம், பக்கத்தில் நீங்க. அவ்வளவு கிட்டேயா.

அங்கேயே நில்லுங்க. கையை இறக்கிடாதீங்க அக்கா.